பிளிமத்தில் எலிசபெத் டில்லியைத் தேடி

என் மருமகள் மாசசூசெட்ஸில் பிறந்து வளர்ந்தவள். தன் அம்மா வழி, 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய ஜான் ஹவ்லண்டிலிருந்து தொடங்குகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவள். பேத்தி பிறந்ததும் அதை ஆதாரத்தோடு எழுதிவைத்துவிட வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் ஆவல். இலையுதிர் காலத்தில் இருவரும் அந்தக் குடியேறிகள் ஊர் அமைத்த பிளிமத் போனோம்.

துறைமுகத்தில் கூட்டம் மொய்ப்பது 1620 என்று பொறித்த பாறையை. அருகே மேஃபிளவரின் மாதிரிக் கப்பல். 1957இல் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்தே வந்தது. அதைப் பார்த்தபோதுதான் ஹவ்லண்டின் கதை எனக்கு உறைத்தது. நடுக்கடல் புயலில் மேல்தளத்துக்கு வந்தவர் அலைகளில் தூக்கி எறியப்பட்டார். வெளியே தொங்கிய பாய்க்கயிறு கைக்கு அகப்பட்டது. நீருக்குள் ஆழமாக அமிழ்ந்தும் பிடியை விடவில்லை, இழுத்துக் காப்பாற்றினார்கள். குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் இதை எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கயிற்றை ஊரே கொண்டாடுகிறது. என் மனம் போனதோ எலிசபெத் டில்லியிடம். அதே கப்பலில் வந்த பதின்மூன்று வயதுச் சிறுமி. 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே மாண்டார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நால்வரையும் அவள் பறிகொடுத்தாள். பிறகு ஹவ்லண்டை மணந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றாள். பத்தும் பிழைத்து வளர்ந்து, தனித்தனிக் குடும்பங்களாயின. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் புஷ் குடும்பமும் அந்தக் கிளைகளில் வந்தவர்கள்தாம்.

ஊருக்குமேலே பரியல் ஹில் என்ற இடுகாட்டு மேடு. சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கிய ஸ்லேட் கற்பலகைகள் சாய்ந்தும் பாசி படர்ந்தும் நிற்கின்றன. ஹவ்லண்டுக்கு அங்கே 1836இல் நட்ட நினைவுக்கல், அவர் மனைவியை முதல் ஆளுநர் கார்வர் வீட்டுப் பெண் என்று சொன்னது. ஹவ்லண்ட் கார்வரிடம் பணியாளாக வந்தவர். அதிலிருந்து கிளம்பிய குடும்பக் கதை அது. தொலைந்துபோயிருந்த பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி 1855இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அகப்பட்டது. அடுத்த ஆண்டு அச்சேறியபோதுதான் உண்மை வெளிவந்தது. இன்றுள்ள கல்லில் ஜான் டில்லியின் மகள் எலிசபெத் என்று சரியாக இருக்கிறது. அந்த வரியை மருமகள் விரலால் தடவிப் படித்தாள். சொந்தக் கணவரின் கல்லிலேயே ஒரு பெண் பெற்றோரை இழந்து நின்றாள் என்பது எனக்கு ஆறவில்லை.

பெண்களைத் தேடுவதுதான் இந்த வேலையில் கடினம். 1850க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு; மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. மகள் மணமாகிப் பெயர் மாறினால் தடம் அறுந்துவிடும். நல்லவேளையாக மாசசூசெட்ஸ் ஊர்கள் பிறப்பு, திருமணம், இறப்பைத் தொடக்கத்திலிருந்தே எழுதிவந்தன. 1850 வரையிலான பல ஊர்ப் பதிவுகள் புத்தகங்களாக உள்ளன. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அன்று ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஹவ்லண்ட் இறந்த பிப்ரவரி அன்றைய கணக்கில் 1672, இன்றைய கணக்கில் 1673; அதை 1672/3 என்று இரட்டையாக எழுதுவது அதனால்தான்.

அவர்கள் வந்திறங்கியது வெற்று நிலம் அல்ல. வாம்பனோவாக் மக்களின் படக்சட் கிராமம் அங்கே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பரவிய கொள்ளைநோயில் அழிந்தது. கோல்ஸ் ஹில் என்ற மேட்டில் அதை எண்ணிப் பார்க்க வைக்கும் பலகை ஒன்று இருக்கிறது. 1970 முதல் நன்றி நவிலும் நாளைப் பூர்வகுடிகள் அங்கே துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். எங்கள் கிளை எலிசபெத்தின் மூத்த மகள் டிசையரிலிருந்து பிரிகிறது. டிசையரின் கணவர் கேப்டன் ஜான் கோரம், வாம்பனோவாக்குகளுக்கு எதிரான போரில் குடியேறிகளின் படையை நடத்தி, 1676இல் அந்தப் போர்க்காலத்திலேயே இறந்தார். இதையும் பேத்திக்கு எழுதிவைக்க வேண்டும் என்று மருமகள் பிடிவாதமாகச் சொன்னாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

எலிசபெத்தின் மகன் ஜேபஸின் வீடு பிளிமத்தின் சாண்ட்விச் தெருவில் இன்றும் நிற்கிறது. அந்த ஊரில் மேஃபிளவர் பயணிகள் வாழ்ந்த வீடுகளில் எஞ்சியது இது ஒன்றே என்கிறார்கள். எலிசபெத் கடைசிக் காலத்தில் ஸ்வான்சியில் மகள் லிடியாவிடம் போய்ச் சேர்ந்தார். 1686இல் எழுதிய உயிலில், எழுபத்தொன்பது வயதிலும் தமக்கு நல்ல நினைவு இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். புத்தகங்களையும் விரிப்புகளையும் இறகு மெத்தையையும் பெயர் சொல்லிப் பங்கிட்டுக் கொடுக்கிறார். மறு ஆண்டு இறந்தார். அவர் கல்லறை இன்று ரோட் ஐலண்ட் எல்லைக்குள் இருக்கிறது; அங்கேயும் போய்வந்தோம். இனி டிசையர் வாழ்ந்து மறைந்த பார்ன்ஸ்டபிள். அங்கிருந்து தாய்வழியாக ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். கடைசிச் சான்றிதழ், பேத்தியுடையது, கையில் இருக்கிறது.