சேவை அல்ல, அது அவள் வேலை

என் மனைவி போன ஆடியில் தவறிப்போனாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், "வேலைக்கு மேல சேவை செஞ்சவங்க". நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிராம சுகாதார செவிலியர் வேலையை எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படிச் செய்தாள், அவ்வளவுதான். அதைச் சேவை என்று தனியாகத் தூக்கி வைத்துவிட்டால், அடுத்து வருகிற பெண் அவ்வளவு செய்யத் தேவையில்லை என்றும் ஆகிவிடுகிறது, செய்தாலும் அதற்குக் கூலியோ ஆளோ கேட்கக் கூடாது என்றும் ஆகிவிடுகிறது.

நான் சென்னிமலைப் பக்கம் கைத்தறி நெசவாளி. சொசைட்டியில் நூல் வாங்கி பெட்ஷீட் போடுகிறவன். அவள் 1985-ல் வேலைக்குச் சேர்ந்தாள், எல்லாக் குழந்தைகளுக்குமான தடுப்பூசித் திட்டத்தை நாட்டில் ஆரம்பித்த அதே வருஷம். ஐயாயிரம் ஜனத்துக்கு ஒரு துணை சுகாதார நிலையம், ஒரு செவிலியர் என்பது அரசாங்கக் கணக்கு. ஆனால் எங்கள் சீமையில் ஜனம் ஊருக்குள் மட்டுமா இருக்கிறது? ஆளுக்கொரு சாளை, அதாவது தோட்டத்து வீடு, ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலமும் கிழுவை வேலியும், வாசலில் கயிறு கட்டாத நாயும். பகல் பதினோரு மணிக்குப் போனால் வீட்டில் ஒரு பொம்பளையும் இருக்க மாட்டார்கள், எல்லோரும் காட்டில் இருப்பார்கள். அதனால் பால் கறக்கிற நேரத்துக்கே போவாள். விடியக்காலையில் கட்டுத்தரையில் நின்றபடியே ரத்தச்சோகைக்குக் கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, போன மாதம் கொடுத்தது மிச்சம் இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து காட்டச் சொல்வாள். மாத்திரை மிச்சம் இருந்தால் திட்ட மாட்டாள். எதனால் சாப்பிடவில்லை என்று கேட்பாள். வயிறு எரிகிறது என்பார்கள், கறுப்பாகப் போகிறது என்பார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லிவிட்டு வருவாள்.

ஆரம்ப வருஷங்களில் அவளைப் பார்த்தாலே கதவைச் சாத்துவார்கள். அன்றைக்கெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை ஆள் என்று ஒவ்வொரு செவிலியருக்கும் இலக்கு உண்டு. மாதக் கூட்டத்தில் இலக்கு எட்டாதவர்களை எழுந்து நிற்க வைத்துக் கேட்பார்கள், வயசுக்குக்கூட மரியாதை கிடையாது. ஜனங்களுக்கோ இவள் ஆபரேசனுக்கு ஆள் பிடிக்க வருகிறவள். குழந்தைக்கு ஊசி போடத்தான் வந்தேன் என்றாலும் நம்ப மாட்டார்கள். 1996 ஏப்ரலில் அந்த இலக்கு முறையை நாடு முழுக்க எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அவள் கையெடுத்துக் கும்பிடாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய முடிந்தது என்று சொல்வாள். என்னைக் கேட்டால் அவள் பார்த்த உத்தியோகத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் அதுதான், டேப்லெட் கம்ப்யூட்டர் கொடுத்ததோ வண்டிப்படி கொடுத்ததோ அல்ல.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பிணியைப் பார்க்கப் போனால் நேராக அந்தப் பெண்ணிடம் போக மாட்டாள். முதலில் மாமியாரிடம்தான் உட்காருவாள். "ஏனுங்காத்தா, உங்க காலத்துல யாருங்க பிரசவம் பார்த்தாங்க?" என்று ஆரம்பிப்பாள். அந்த அம்மா சொல்லச் சொல்ல அந்த வீட்டில் இறந்த குழந்தைகள், ரத்தப்போக்கில் போன நாத்தனார் எல்லாம் வெளியே வரும். அப்புறம் மெதுவாக, "அப்படி ஆகக்கூடாதுன்னுதானுங்க ஆஸ்பத்திரிக்குக் கூப்புடறேன்" என்பாள். மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்பது அந்த வீட்டில் யார் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அரை மணி நேரம் பேசியதற்குப் பதிவேட்டில் எந்தக் கட்டமும் கிடையாது.

போலியோ சொட்டு மருந்து 1995 டிசம்பரில் ஆரம்பித்ததிலிருந்து அந்த முகாம் நாட்களில் எனக்குத் தறி ஓடாது. ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியை டிவிஎஸ் ஃபிப்டியில் வைத்து, குலுங்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது என் பாடு. பின்னால் வந்த குப்பிகளில் ஒரு வட்டமும் அதற்குள் வெள்ளைச் சதுரமும் இருக்கும். சூடுபட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து வீண். "ஏனுங்க மாமா, ஷேடு பார்க்கிற கண்ணு உங்களுக்குத்தான், இதைப் பாருங்க" என்று என்னிடம் நீட்டுவாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை, இன்னொரு கண்ணும் பார்க்கட்டும் என்றுதான். மறுநாளிலிருந்து விட்டுப்போன குழந்தைகளைத் தேடி வீடுவீடாகப் போவாள், இடது கை சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பாள். பெருந்துறை சிப்காட் பக்கம் வடக்கத்தி ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு "பச்சா எத்தனை?" என்று பாதி இந்தியில் கேட்டுக்கொண்டு லைன் வீடுகளில் ஏறி இறங்கினாள். 2014 மார்ச்சில் இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்த அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

காசநோய்க்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் தொழிலில் இருமல் வந்தால் பஞ்சுத் தூசி என்று விட்டுவிடுவார்கள். பெருந்துறை சானடோரியத்துக்கு அனுப்பிச் சளி பார்த்தால்தான் தெரியும். அன்றைய முறையில் முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள், ஒரே நேரத்தில் ஏழு மாத்திரை, நம் கண்முன்னால் விழுங்க வேண்டும். பக்கத்துத் தெரு நெசவாளி ஒருவர், துணை நிலையத்துக்குப் போனால் ஊர் பார்க்கும் என்று கூச்சப்பட்டார். அவருடைய மாத்திரைப் பெட்டியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். வேலைக்குப் போகிற வழியில் வருவார், நான் தறி நாடாவை நிறுத்திவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுப்பேன், அவள் பக்கத்திலேயே நின்று ஏழும் இறங்குகிற வரை பேச்சுக் கொடுப்பாள். மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீங்க என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதைச் சொல்லாததால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள் என்பது அவள் அனுபவம். இரண்டாவது மாதம் இருமல் நின்றதும் அவரும் வராமல் போனார். இவள் அவர் தறிக்கூடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். ஆறு மாதமும் முடித்தார். இப்போதும் தறி போடுகிறார்.

எழுத்து வேலையெல்லாம் ராத்திரியில்தான். பதிவேடுகளுக்கு நான் கோடு போட்டுக் கொடுப்பேன். 2008-க்கு அப்புறம் கர்ப்பிணிகள், குழந்தைகள் விவரம் ஏற்றுகிற பிக்மி கம்ப்யூட்டர் பதிவு வந்தது, நெட் கிடைக்கிற நேரம் பார்த்து நடுச்சாமத்தில் எழுந்து ஏற்றுவாள். 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகும் மார்பில் கட்டி என்று வெளியே சொல்லக் கூச்சப்படுகிற பெண்களைக் கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். அது வேண்டுமானால் சேவை. அதற்கு முந்தையது எதுவும் அல்ல.

இப்போது எங்கள் பகுதிக்கு வருகிற செவிலியர் பக்கத்துத் துணை நிலையத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார், அங்கே பணியிடம் காலி. அந்தப் பெண்ணிடம் போய், பழைய நர்ஸம்மா எப்படியெல்லாம் வருவாங்க தெரியுமா என்று யாரும் சொல்ல வேண்டாம். அக்டோபர் 2 கிராம சபையில் அந்தக் காலியிடத்தை நிரப்பச் சொல்லித் தீர்மானம் கேட்கப் போகிறேன். அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாலு பேர் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.