பேட்மேன் – பனிஷர் கட்டம் ஒருவழியாக முடிந்தது

நேற்று இரவு பதினொரு மணிக்கு அந்தக் கட்டத்தில் மை காய்ந்தது. காமிக்ஸ் ஆட்களில் யார் யாரை எந்த வருடம் முதலில் சந்தித்தார்கள் என்று நான் கையால் எழுதிவரும் அட்டவணையில், பேட்மேன் வரிசையும் பனிஷர் வரிசையும் வந்து முட்டும் இடம். மூன்று வாரம் என்னைப் படுத்தி எடுத்த கட்டம் இது. ஒரு சார்ட் பேப்பரையே கிட்டத்தட்ட பலி வாங்கியிருக்கும்.

அட்டவணை பழைய கணக்குதான். 24 பேர், 276 ஜோடி. நாயகர்களும் வில்லன்களும் கலந்து, டிசி, மார்வெல் என்ற இரண்டு அமெரிக்க காமிக்ஸ் கம்பெனிகளின் ஆட்களும் கலந்து. இரண்டு பேரும் ஒரே கதையில் ஒரு வார்த்தையாவது பேசியிருக்க வேண்டும், அல்லது ஒரு குத்தாவது விட்டிருக்க வேண்டும். அட்டையில் மட்டும் சேர்ந்து நின்றால் கணக்கில் வராது. இந்த ஒரு விதியால்தான் சூப்பர்மேன் – பேட்மேன் கட்டத்தில் 1952 என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முன் எத்தனையோ அட்டைகளில் இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள், ஆனால் உள்ளே ஆளுக்கொரு தனிக்கதை. ஒருவருடைய ரகசியம் இன்னொருவருக்குத் தெரியவருவது 1952-ல், ஒரு கப்பலில் ஒரே அறை கிடைத்தபோதுதான்.

சரி, பனிஷருக்கு வருகிறேன். குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுக்காமல் சுட்டே கொல்லும் மார்வெல் ஆள். அவரும் பேட்மேனும் சேர்ந்து வரும் இரண்டு புத்தகங்கள் 1994-ல் வந்தன. முதல் புத்தகத்தைப் படித்த அன்றே கட்டத்தில் மையால் 1994 என்று போட்டுவிட்டேன். மறுநாள் பக்கங்களை மறுபடி புரட்டும்போதுதான் உறைத்தது. அந்த பேட்மேன் உடைக்குள் இருப்பவர் வழக்கமான புரூஸ் வெய்ன் இல்லை. பேன் என்ற வில்லன் புரூஸின் முதுகை முறித்துப் போட்டபின் அவர் இடத்துக்கு வந்த ஜான் பால் வேலி. கவசமும் நகங்களும் வைத்த பேட்மேன். அப்படியானால் பனிஷர் சந்தித்தது யாரை? பேட்மேனையா, பேட்மேன் உடையையா?

இரண்டாவது புத்தகத்தில் புரூஸ் திரும்பி வந்துவிடுகிறார். அதில் ஒரு பக்கத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பனிஷர் ஜோக்கர் முன்னால் துப்பாக்கியை நீட்டி நிற்கிறார். பேட்மேன் கையில் பிடிபட்டு, சிறைக்குப் போய், தப்பித்து வந்தே பழகியவன் ஜோக்கர். இந்த ஆள் நிஜமாகவே சுட்டுவிடுவார் என்று அவனுக்குப் புரிகிற இடம் அது. சிரிப்பு நின்றுபோகிறது. பேட்மேன் வந்து தடுக்காவிட்டால் ஜோக்கர் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு சந்திப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். இருவரில் ஒருவரையாவது அதுவரை நாம் பார்க்காத முகத்தோடு காட்ட வேண்டும்.

வருடம் இரண்டுக்கும் ஒன்றுதான், அப்படியே விட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை. உடைக்கும் ஆளுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் மூலைவிட்டமாக இரண்டாகப் பிரித்து, மேல் முக்கோணம் முகமூடிப் பெயருக்கு, கீழ் முக்கோணம் உள்ளே இருக்கிற ஆளுக்கு. கட்டம் ஒரு பக்கம் 2 செ.மீ. அதற்குள் மூலைவிட்டம் இழுத்து, இரண்டு பக்கமும் நான்கு இலக்கம் எழுத வேண்டும்.

இங்கேதான் தகராறு. சார்ட் பேப்பரின் வழவழப்பில் ஜெல் பேனா மை உடனே காயாது. ஸ்டீல் ஸ்கேலை எடுக்கும்போது விளிம்பில் ஒட்டிய மை அடுத்த கட்டத்தில் இழுபடும். வேகமாக எடுத்தேன், மெதுவாக எடுத்தேன், தாள் வைத்து ஒற்றினேன். எல்லாவற்றிலும் கறை. கடைசியில் ஸ்கேலின் அடிப்பக்கம், விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளி, டேப்பை மூன்று அடுக்கு ஒட்டினேன். விளிம்பு தாளைத் தொடாமல் ஒரு மயிரிழை உயரத்தில் நிற்கிறது. மை அடியில் போவதே இல்லை. அதற்குப் பிறகு இழுத்த நாற்பது கோடுகளில் ஒன்றுகூடக் கறைபடவில்லை. பனிஷர் கட்டத்தில் முன்பு எழுதியதை பிளேடால் சுரண்டியதில் தாள் கிழிந்திருந்தது. பின்பக்கம் அதே தாளில் ஒரு துண்டு ஒட்டி, மேலே 2.5 செ.மீ. சதுரம் வெட்டி ஒட்டி, ஒரு இரவு முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன். இப்போது விரலால் தடவினால் மட்டும்தான் தெரியும்.

முக்கோணம் வந்த பிறகு மற்ற கட்டங்களும் பேச ஆரம்பித்துவிட்டன. 1996-ல் இரண்டு கம்பெனியும் சேர்ந்து நடத்திய மோதலில் ஸ்பைடர்மேன் சூப்பர்பாயைத் தோற்கடிக்கிறார். வாசகர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்த ஐந்து சண்டைகளில் அது ஒன்று. அப்போது ஸ்பைடர்மேன் உடையில் இருந்தவர் பீட்டர் பார்க்கர் இல்லை, அவருடைய குளோன் பென் ரைலி. எதிரில் நின்ற சூப்பர்பாயும் குளோனிங்கில் பிறந்தவன்தான். ஒரு குளோனும் இன்னொரு குளோனும் மோதியிருக்கிறார்கள்! மேல் முக்கோணத்தில் 1996. கீழ் முக்கோணம் காலி.

சூப்பர்மேன் – ஸ்பைடர்மேன் கட்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை. 1976-ல் பீட்டரும் கிளார்க்கும் நேராகவே சந்திக்கிறார்கள். இரண்டு பேரும் ஏதோ ஆரம்பத்திலிருந்தே ஒரே ஊர் உலகத்தில் இருப்பதுபோல, எந்த விளக்கமும் இல்லாமல். எனக்கு அந்தத் துணிச்சல் மிகவும் பிடிக்கும். லெக்ஸ் லூதரும் டாக்டர் ஆக்டோபஸும் சிறையில் சந்தித்துச் சேர்ந்தே தப்பிக்கிறார்கள். 1981-ல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் இரண்டாம் முறை சந்திக்கும்போது வில்லன்கள் டாக்டர் டூமும் பாரசைட்டும். இந்த 1976 புத்தகத்தைப் பெரிய அளவுப் பதிப்பு என்று சொல்லித்தான் ஒரு ஆன்லைன் விற்பனையாளர் எனக்கு அனுப்பினார். வந்தது சாதாரண அளவு மறுபதிப்பு. ஓவியர் ராஸ் ஆன்ட்ரூ அந்தப் பெரிய பக்கத்துக்காகவே வரைந்த நகரக் காட்சிகள் அதில் நசுங்கிக் கிடக்கின்றன. வாங்குவதற்கு முன் பக்க அளவை செ.மீ.யில் கேட்டு வாங்குங்கள்.

ஜோக்கர் வரிசைதான் இப்போதைக்கு வில்லன் வரிசைகளில் நிறைந்தது. ஹல்க் 1981, பனிஷர் 1994, கார்னேஜ் 1995. அப்புறம் ரெட் ஸ்கல். ஜான் பைர்ன் எழுதி வரைந்த இரண்டாம் உலகப் போர் காலக் கதை. ரெட் ஸ்கல் போட்டிருப்பது வெறும் வேஷம் என்று நினைத்து அவனோடு சேர்கிறான் ஜோக்கர். அவன் நிஜமான நாஜி என்று தெரிந்ததும் அங்கேயே முறித்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறான். 1995-ல், கிரகங்களை விழுங்கும் கேலக்டஸ், டார்க்சைட் என்ற வில்லனின் அபோகலிப்ஸ் கிரகத்தை விழுங்க வந்து, அதில் எடுக்க உயிர்ச்சக்தியே மிச்சமில்லை என்று கண்டு திரும்பிப் போவதும் அதே ஜான் பைர்னின் கைவண்ணம்தான். வில்லனை வில்லனோடு மோதவிடுவது எப்படி என்று இந்த இரண்டையும் படித்தால் போதும்.

2003-ல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக் – அவெஞ்சர்ஸ் நான்கு இதழ்களைத்தான் இன்னும் தொடவில்லை. ஓவியர் ஜார்ஜ் பெரேஸ் அத்தனை பேரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்திவிடுவார், முப்பது நாற்பது கட்டம் அதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் பேச்சும் இல்லாமல் குத்தும் இல்லாமல் பக்கத்தில் நிற்பவர்களை நான் எழுத மாட்டேன். பூதக்கண்ணாடி வைத்துச் சட்டகம் சட்டகமாகப் பார்க்க வேண்டிய வேலை. 2022-ல் வந்த மறுபதிப்பு 7,000 பிரதிதான். நண்பர் ஒருவர் தன் பிரதியை ஒரு மாதத்துக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்குள் மனம் அடுத்த அட்டவணைக்குத் தாவிவிட்டது. நம் இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, வேறு ஆள்), ரோபோ ஆர்ச்சி. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வழியாக நம் வீடுகளில் வளர்ந்த பிரிட்டிஷ் ஆட்கள். 2005-ல் தொடங்கிய ஒரு ஆறு இதழ்த் தொடரில் மூவரும் ஒரே கதைக்குள் வருகிறார்கள். ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அதனால் அந்த அட்டவணையில் எழுத்தாளர்களுக்கும் ஒரு வரிசை வைக்கப் போகிறேன். தாள் வாங்கியாகிவிட்டது, இந்த முறை வழவழப்பில்லாத டிராயிங் தாள். இன்று மாலை நான்கு செ.மீ. ஓரம் விட்டுக் கோடு போட ஆரம்பிக்கிறேன்.