இடது ஆட்காட்டி விரல்

ஜூன் 11

வீட்டுக்கு வந்தாயிற்று. விழித்திரை ஆபரேஷன். அது ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் கேஸ் வைத்திருக்கிறார்கள். குப்புறத்தான் படுக்க வேண்டும், சாப்பிடும்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும்.

ஜூன் 12

மூக்கு நசுங்குகிறது. மருமகள் துண்டைச் சும்மாடு போல் சுருட்டி நெற்றிக்குக் கீழே வைத்துக் கொடுத்தாள். கட்டிலுக்குக் கீழே முக்காலி, முக்காலி மேல் ஆர்பிட் ரீடர், புள்ளிகள் எழும்பும் பிரெய்லிக் கருவி. கையைத் தொங்கப் போட்டால் சரியாக விசை மேல் விழுகிறது. பிரெய்லி படிப்பதற்கென்றே டாக்டர் இப்படிப் படுக்கச் சொன்னது மாதிரி இருக்கிறது.

சர்க்கரை பார்க்க இடது ஆட்காட்டி விரலில் குத்திவிட்டாள். படிக்கிற விரல், அது வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

ஜூன் 13

ஆறு விசைதான், பிரெய்லியின் ஆறு புள்ளிக்கும் ஒவ்வொன்று. இடது கையில் ஆட்காட்டி விரலுக்கு 1, நடு விரலுக்கு 2, மோதிர விரலுக்கு 3. வலது கையில் அதே வரிசையில் 4, 5, 6. இடைவெளிக்குக் கட்டை விரல். 7, 8 என்று இன்னும் இரண்டு உண்டு, இப்போதைக்கு அதைத் தொடாதீங்க டீச்சர் என்று பிரெய்லி சொல்லித்தர வரும் தம்பி சொல்லியிருக்கிறான்.

ஒரு எழுத்துக்கு வேண்டிய விசைகளை எல்லாம் சேர்த்து அமுக்கிச் சேர்த்து விட வேண்டும். இதுதான் உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது. டைப்ரைட்டிங் மெஷினில் ஒரு விரல் அடித்து எழும்பிய பிறகுதான் அடுத்த விரல் என்று பிள்ளைகளின் முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான். இரண்டு விசை ஒன்றாக இறங்கினால் மெஷினில் கம்பிகள் சிக்கிக்கொள்ளும். இங்கே ஒன்றாக இறங்காவிட்டால் வேறு எழுத்து வந்துவிடுகிறது. க என்றால் 1, 3. மோதிர விரல் கொஞ்சம் பிந்தினால் க போய், அ விழுந்து கிடக்கிறது.

ஆனால் ஒரு சந்தோஷம். மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி. தமிழ் மெஷினில் புள்ளி, அடித்தால் தாள் நகராத விசை, அதை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்போம். பிரெய்லியிலும் அதுதான் முதலில்: 4-ஆம் விசை, பிறகு எழுத்து. சுண்டு விரலில் இருந்தது ஆட்காட்டி விரலுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். கொ-வில்தான் தடுமாற்றம். மெஷினில் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். இங்கே கொம்பும் கிடையாது காலும் கிடையாது, க போட்டு ஒ போட வேண்டியது. பேரன் சிரிக்கிறான், "அப்படித்தானே ஆச்சி சொல்றோம்?" என்கிறான். அவனுக்கு மெஷின் தெரியாது.

ஜூன் 14

மறுபடி அதே விரல்.

ஜூன் 16

தம்பி வந்திருந்தான். அவன் பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவன். ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கியது என்று சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு. ஹாஸ்டலில் பெர்கின்ஸ் என்ற பிரெய்லி டைப் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய கதை சொன்னான். ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவாம். இது அரைக் கிலோ கூட இராது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லி வந்ததும் 1951, பெர்கின்ஸ் மெஷின் வந்ததும் 1951 என்றான். பரீட்சையில் கேட்பார்களா தம்பி என்றேன்.

எழுதுவதைப் பார்த்து, "டீச்சர் அதுக்குள்ள இவ்வளவு வேகமா" என்றான். பிறகு நான் எழுதியதையே என்னைப் படிக்கச் சொன்னான்.

ஒன்றும் தெரியவில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். ல என்றால் இடப்பக்கத்து மூன்று புள்ளி, ள என்றால் வலப்பக்கத்து மூன்று புள்ளி. தனியாக நின்றால் இரண்டும் ஒரே கோடு. பக்கத்து எழுத்தைத் தொட்டுத்தான் இது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கண்டுபிடிக்க வேண்டும். இ, ஏ, ஈ, எ நாலும் சாய்ந்த இரண்டு புள்ளிகள். ஒன்று இப்படிச் சாய்கிறது, ஒன்று அப்படி. இரண்டு மேலே, இரண்டு கீழே.

கை எழுதுகிறது, அதே கைக்குப் படிக்கத் தெரியவில்லை. இப்படி ஒரு கூத்து உண்டா?

ஜூன் 17

விரல் மதமதப்பு இருக்கிறதா என்று தம்பி கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. காலில் இருக்கிறது. கையில் இல்லை என்றுதான் சொன்னேன். இரவெல்லாம் கட்டை விரல் நகத்தால் ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது சரியாக இருக்கிறது. இடது ஆட்காட்டி விரலில் தோல் தடித்திருக்கிறதா, குத்திக் குத்தி அப்படி ஆகிவிட்டதா, இல்லை உள்ளேயே உணர்ச்சி போகிறதா? இருபது வருடச் சர்க்கரை. கண்ணுக்கு வந்தது விரலுக்கு வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

ஜூன் 19

மகன் போனில். "போனே எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுமே அம்மா, எதுக்கு இந்த வயசுல கஷ்டப்படுறீங்க?" அதுவும் கண் திரும்பி வந்துவிடும், அதற்குள் எதற்கு என்பது அவன் எண்ணம். வலது கண் போனபோதும் இதைத்தான் சொன்னான்.

போன் வாசிக்கும். ண-வா ன-வா என்று சொல்லுமா? எழுத்துக்கூட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக் கேட்கலாம்தான். அப்படி யாராவது படிப்பார்களா? பக்கத்து அச்சகத்துக்கு ஓசியில் புரூஃப் பார்த்துக் கொடுத்தவளுக்கு ஒற்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கேட்டுக்கொண்டே இருப்பது, பல்லில் கல் கடிபடுவது போல. அவனிடம் இதைச் சொல்லவில்லை. "சும்மா பொழுதுபோக்குப்பா" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 20

தொடவில்லை.

ஜூன் 22

செக்கப். விழித்திரை ஒட்டியிருக்கிறது என்றார்கள். இனிப் பகலில் உட்காரலாம். பார்வை எவ்வளவு வரும் என்று கேட்டதற்குக் கேஸ் கரையட்டும் பார்ப்போம் என்று பதில்.

மேலே ஒரு கீற்று வெளுத்திருக்கிறது. கீழே முழுக்கக் குமிழி, தலையை அசைத்தால் தளும்புகிறது. கீற்றில் டியூப் லைட் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 24

சொந்தக்காரர்கள் வந்துபோனார்கள். "உங்க தைரியம் யாருக்கு வரும்" என்று ஐந்து பேர் மாற்றி மாற்றி. ஒரு அத்தை கருவியின் மேல் கையை வைத்து, "இதுல என்ன தெரியும்?" என்றாள். புள்ளிகள் இடமிருந்து வலமாகக் கரகரவென்று எழும்பியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அன்றைய நாளில் அது ஒன்றுதான் நன்றாக இருந்தது.

ஜூன் 26

தம்பி ஸ்லேட்டும் குத்தூசியும் கொண்டுவந்தான். கரண்ட், சார்ஜ் எதுவும் வேண்டாம், பைக்குள் கிடக்கும், கற்றுக்கொள்ளுங்கள் என்றான். தாளின் பின்பக்கமாகக் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும், எழுத்தும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிக்கொள்ளும். திருப்பிப் போட்டால் சரியாக இருக்கும். ல குத்த வேண்டிய இடத்தில் என் கை ள குத்தியது. ஏற்கெனவே அந்த இரண்டும் போதும் போதும் என்றாக்கிவிட்டன. அவனோ பேசிக்கொண்டே டக் டக்கென்று ஒரு வரி குத்தி முடித்துவிட்டான். எனக்கு ஆறு விசையே போதும்.

ஆனால் அவன் குத்திய தாளைத் தொட்டபோது புள்ளிகள் நன்றாகத் தெரிந்தன. அப்படியானால் விரலில் கோளாறு இல்லை? மருமகள் இப்போது சுண்டு விரலில்தான் குத்துகிறாள். சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாளாம், பேரன் சொன்னான்.

ஜூன் 27

காலையில் சர்க்கரை 186.

ஜூன் 29

நடு விரல் படிக்கிறது! ஆட்காட்டி விரலுக்குத் தெரியாதது நடு விரலுக்குத் தெரிகிறது. எப்படி இருந்தால் என்ன.

ஜூலை 1

கருவி இரவல். இன்னொருவர் காத்திருக்கிறார், எப்போது தருவீர்கள் என்று கொடுத்தவர்களிடமிருந்து போன். ஜூலைக் கடைசி வரை என்று கொடுக்கும்போது சொன்னது அவர்களே. "உங்களுக்குத்தான் பார்வை வருதுன்னாங்களே மேடம்" என்று ஒரு பேச்சு வேறு. வருகிறதா? யார் சொன்னது? எனக்கே யாரும் சொல்லவில்லை. கீற்று பாதி வரை இறங்கியிருக்கிறது. ஜன்னல் கம்பி தெரிகிறது, எண்ண முடியவில்லை. காத்திருக்கிறவரும் என்னைப் போல ஒருவர்தானே என்று நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை. கோபம்தான் வருகிறது.

ஜூலை 3

அக்கா மகன் கல்யாணப் பத்திரிகை. வாட்ஸ்அப்பில் வாசகத்தை அனுப்பி, "சித்தி ஒரு தடவை பார்த்திருங்க" என்றிருந்தான். போனில் கேட்டேன், எல்லாம் சரியாகத்தான் காதில் விழுந்தது. மனம் ஒப்பவில்லை. தம்பியிடம் சொன்னேன், அவன் பிரெய்லியாக மாற்றிக் கார்டில் ஏற்றிக் கொடுத்தான். கருவியில் ஒரு தடவைக்கு இருபது எழுத்துக் கட்டம்தான் வரும். சாயங்காலம் உட்கார்ந்தவள் விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. முகூர்த்த நேரம் வந்த இடத்தில் எண் குறியை ண என்று நினைத்துக் கொஞ்ச நேரம் குழம்பினேன், இரண்டுக்கும் ஒரே புள்ளிகள்.

வரவேற்பு என்ற இடத்தில் விரல் நின்றது. இரண்டாவது எழுத்தில் இடப்பக்கம் முழுக் கோடு இருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தது. திரும்பத் திரும்பத் தடவினேன். வறவேற்பு.

உடனே போன் போட்டேன். அச்சாகிவிட்டதாம், ஆயிரம் பத்திரிகை.

ஜூலை 4

கருவியை நாளைக்கு எடுக்க வருகிறார்களாம். மறு அச்சுச் செலவு யார் தலையில் என்று அங்கே சண்டை. நான்தான் கிளப்பிவிட்டேன் என்று அக்கா பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், வறவேற்பு என்று போட்டு யாரைக் கூப்பிடுவது?