லாக்கர் திறக்கப் போற எடத்துல

சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெட்டிக்கடை சைஸ்ல ஒரு கடை வச்சிருக்கேன். சாவி போடுறது, பூட்டு ரிப்பேர், அப்புறம் லாக்கர், இரும்புப் பெட்டி, பீரோ மாட்டிக்கிச்சுன்னா போய் திறந்து குடுக்குறது. பத்தொம்பது வருஷம் ஆச்சு. தொழில் கத்துக்கிட்டது திண்டுக்கல்ல, மாமாகிட்ட. அந்த ஊர் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்கல்ல, அன்னிக்கு மாமா போன் பண்ணி அரை மணி நேரம் பேசுனாரு, என்னமோ வீடு தேடி வந்து அவர் கையிலயே குடுத்துட்டுப் போன மாதிரி.

மாமா பூட்டு வேலையோட சேத்து இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தாரு. பூட்டு விட்டுக்கிச்சுன்னு கைக்குத் தெரிஞ்ச உடனே ரெண்டடி தள்ளி, சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கணும், கதவ வீட்டுக்காரங்கதான் இழுக்கணும். நான் இன்னி வரைக்கும் அப்படித்தான். அதனால பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குப் பெருசா தெரியாது, ஆனா பெட்டிக்கு வெளிய நிக்குறவங்கள நல்லா பாத்திருக்கேன். லாக்கர் திறக்கலன்னா பூட்டுல கோளாறுன்னு யாருக்கும் முதல்ல தோணுறதே இல்லைங்க, யார் மேலயாவதுதான் கண்ணு போகுது.

செவ்வாய்ப்பேட்டைல ஒரு வெள்ளிப் பட்டறை. கொலுசு வேலை. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி காலைல ஆறு மணிக்கு போன், டிஜிட்டல் லாக்கர் திறக்கல, நம்பர மாத்திட்டாங்க, உடனே வாங்கன்னு. போனா பத்துப் பேர் வேலை பாக்குற எடம் அப்படியே நின்னு போயி கெடக்கு, பாலிஷ் போடுற பையன் ஒருத்தன ஓரமா உக்கார வச்சிருக்காங்க, பதினெட்டு பத்தொம்பது வயசு இருக்கும், முந்தின நாள் முதலாளி பின்னாடி நின்னு நம்பர பாத்தானாம். நான் நம்பர போடச் சொன்னேன். பீப் வருது, பச்சை லைட்டும் வருது, கதவு மட்டும் வரல. அண்ணா, நம்பர மாத்திருந்தா பச்சை எரியாதுங்கண்ணா, செவப்புதான் எரியும், பேட்டரி எப்ப மாத்துனீங்கன்னு கேட்டேன். போன வாரம்தான் புதுசு போட்டேன்னாரு. என்ன பேட்டரின்னா டிவி ரிமோட்டுக்குப் போடுற மலிவு பேட்டரி. லைட் எரியவும் பீப் அடிக்கவும் அந்த கரண்டு போதும், ஆனா உள்ள ஒரு குட்டி காந்தச் சுருள் இருக்கு, சாலினாய்டுன்னு சொல்வோம், அது ஒரு ஆணிய இழுத்துப் பிடிச்சாத்தான் ஹேண்டில் திரும்பும், அதுக்கு இந்த பேட்டரிக்குத் தெம்பு இல்ல. நல்ல அல்கலைன் நாலு போட்டேன், திறந்துச்சு. அஞ்சு நிமிஷ வேலை. அந்தப் பையன் எந்திரிச்சுப் போயி மெஷின் முன்னாடி உக்காந்தான், யாரும் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

எமர்ஜென்சி சாவின்னு லாக்கரோட ரெண்டு சாவி குடுப்பாங்க, இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அது. எங்கண்ணா வச்சிருக்கீங்கன்னு கேட்டா பத்துல ஆறு பேர் லாக்கரத்தான் கை காட்டுறாங்க, உள்ள பத்திரமா இருக்காம்.

எனக்குக் கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு, எனக்கு முன்னாடி வெல்டிங்காரர கூப்ட்ருப்பாங்க. நல்ல பெட்டின்னா ரெண்டு தகட்டுக்கு நடுவுல கான்கிரீட் மாதிரி ஒரு கலவை இருக்கும், நெருப்புத் தாங்குறதுக்கு. கேஸ் கட்டர் வச்சா சூடு உள்ள ஏறிப் பத்திரம், நோட்டு எல்லாம் கருகிரும். சுத்தியல் வச்சு அடிச்சா இன்னும் மோசம், சில பெட்டில அடி விழுந்தா தானா போயி விழுற ரெண்டாவது பூட்டு ஒண்ணு இருக்கும், ரீலாக்கர்னு பேரு, அது விழுந்துட்டா சாவி கையில இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. ஒரு மணி நேர வேலை அப்புறம் ரெண்டு நாள் வேலை ஆயிடும், ட்ரில் போட்டு, கேமரா விட்டுப் பாத்து, அந்தக் கூலிய கேட்டா மட்டும் மூஞ்சி சுளிப்பாங்க.

ஒரு வேலைக்கு நான் போகவே இல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பையன், அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு, லாக்கர திறக்கணும், எவ்வளவு வேணா தர்றேன்னான். சரிப்பா, அம்மாகிட்ட குடுன்னேன். போன் கட்டாயிடுச்சு. உண்மையாவே அவசரமா இருந்திருக்கலாம், அது இன்னும் உறுத்துது. ஆனா வீட்டுக்காரங்க ரெண்டு பேராவது நிக்கணும், ஆதார், கரண்டு பில்லு பாக்கணும், இல்லாம என் டூல்ஸ் பைய திறக்க மாட்டேன்.

அம்மாபேட்டைல ஒரு வீடு, 2017 ஆடி மாசம். மாமியார் போயி ரெண்டு வருஷம் ஆயிருக்கு, அவங்க சின்ன இரும்புப் பெட்டி, சாவியக் காணோம். மூத்த மருமகதான் சாவிய எடுத்து எல்லாத்தையும் துடைச்சிட்டான்னு பேச்சு, அண்ணன் தம்பி பேச்சு வார்த்தையே இல்ல, பெட்டி காலின்னு எல்லாருமே முடிவு பண்ணிட்டதால ஒருத்தரும் அதத் தொடல. வீட்ட வித்து பங்கு பிரிக்கிறப்போதான் என்னைய கூப்ட்டாங்க. பழைய லீவர் பூட்டு, சாவி செஞ்சு போட ரெண்டு மணி நேரம் ஆச்சு. வழக்கம் போல சுவத்தப் பாத்து நின்னுட்டேன். பின்னாடி சத்தமே இல்ல. அப்புறம் யாரோ ‘எல்லாம் பழைய ஐநூறு’ன்னாங்க. 2016 டிசம்பர் 30ஓட பேங்க்ல கட்டுற கெடு முடிஞ்சாச்சு, பத்து நோட்டுக்கு மேல கையில வச்சிருந்தாலே குத்தம்னு சட்டமும் வந்துருச்சு. அந்த மூத்த மருமக கூலிய என் கையில குடுத்தப்போ அவங்க அழுவாங்கன்னு நினைச்சேன், அழல, காபி சாப்ட்டுப் போங்க தம்பின்னாங்க.

ஏற்காடு விஷயத்துக்கு வர்றேன், எழுத உக்காந்ததே அதுக்குத்தான். டிசம்பர் மாசம், சனிக்கிழமை, காபிப் பழம் பறிக்குற சீசன். எஸ்டேட் ஒண்ணுல இருந்து போன், கூலிப் பணம் பெட்டிக்குள்ள இருக்கு, சாயங்காலம் பட்டுவாடா பண்ணணும், திறக்கல. அடிவாரத்துல டீ குடிச்சிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்ல ஏறுறதுக்குள்ள கை மரத்துப் போச்சு, அதோட எந்தப் பூட்ட தொட்டாலும் ஒண்ணும் தெரியாது, அதனால போன உடனே வெந்நீர் கேட்டு வாங்கி கைய நனைச்சேன்.

பழைய பங்களா. ஆபீஸ் ரூம்ல சுவத்தோட சுவரா பதிச்ச இரும்புப் பெட்டி, சாவி ஓட்டைக்கு மேல பித்தளை மூடி, தேஞ்சு தேஞ்சு தங்கம் மாதிரி மின்னுது. முதலாளி சேலத்துல இருக்கறவரு, வெள்ளிக்கிழமை ராத்திரி மேல வருவாராம். அவர் எதிர்ல கணக்குப்பிள்ளை, எழுபதுக்குப் பக்கம் இருக்கும், ஸ்வெட்டர், மப்ளர், கைய கட்டிட்டு நிக்குறாரு. முதலாளி காலைல ஏழு மணிக்குத் திறந்து பாத்திருக்காரு, சாவி பாதி திரும்பி நின்னுக்குது. கணக்குப்பிள்ளை திருப்பினாலும் அதேதான். நேத்து மத்தியானம் நல்லா திறந்துச்சுங்க முதலாளின்னு அவரு சொல்ல, அதுவே அவருக்கு வினையா போச்சு. ‘இவர் தனியா இருந்தா திறக்குது, நான் வந்தா திறக்க மாட்டேங்குது, என்னப்பா அர்த்தம்’னு முதலாளி என்கிட்ட கேக்குறாரு, அந்தப் பெரியவர் முன்னாடியே. நான் ஒண்ணும் சொல்லல, சாவிய குடுங்கன்னேன்.

லீவர் பூட்டுக்குள்ள தகடு தகடா அடுக்கி இருக்கும், இதுல எட்டு. ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்பிரிங் கீழ அமுக்கிட்டே இருக்கும், சாவி உள்ள போயி ஒவ்வொண்ணையும் அதுக்குன்னு உள்ள உயரத்துக்குத் தூக்கணும், ஒரு மயிரிழை கூடக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. இங்க சாவிய திருப்பினா கையில கட்டாந்தரை தட்டுற மாதிரி இல்ல, சேத்துல கால் வச்ச மாதிரி ஒரு கொழகொழப்பு. அது ஒடஞ்ச பூட்டோட குணம் கிடையாது. சாவிய வெளிய இழுத்து ஜன்னல் வெளிச்சத்துல பாத்தேன், பல்லு இடுக்குல வெள்ளையா ஏதோ வெண்ணெய் மாதிரி. விரல்ல தேச்சேன், கரைஞ்சு தண்ணியா ஓடிருச்சு. மோந்து பாத்தா நம்ம தலைக்குத் தேய்க்குற தேங்காய் எண்ணெய்!

24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காய் எண்ணெய் கட்ட ஆரம்பிச்சிடும், சேலத்துலயே மார்கழி காலைல பாட்டில்ல பாக்குறோம்ல. ஏற்காட்டுல கேக்கவே வேணாம். தகடு அத்தனையும் அந்தக் கொழுப்புல ஒட்டிக்கிட்டு, ஸ்பிரிங் அமுக்குனாலும் கீழ எறங்காம நிக்குது. அந்த ரூமுக்கு மேற்கால ஒரு ஜன்னல், மத்தியானம் வெயில் நேரா பெட்டி மேல விழும். கணக்குப்பிள்ளை பேங்க் போயிட்டு வந்து தெனமும் மூணு மணிக்குத்தான் திறப்பாராம். அந்த நேரத்துக்கு எண்ணெய் இளகி இருந்திருக்கு, அவ்வளவுதான் மர்மம்.

யாருங்க இதுல தேங்காய் எண்ணெய் விட்டதுன்னு கேட்டேன். கணக்குப்பிள்ளை நிமிரவே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு முதலாளிதான் சொன்னாரு, ‘தீபாவளிக்கு வந்தப்போ கிரீச்னு சத்தம் வந்துச்சு... சமையக்கட்டுல இருந்து நான்தான் ஊத்துனேன்.’

மேடத்தோட ஹேர் டிரையர் வாங்கி ஓட்டைல சூடு காட்டி, சாவிய வெந்நீர்ல போட்டு எடுத்துத் தொடச்சுத் தொடச்சு உள்ள விட்டு எடுத்தேன், இருபது நிமிஷத்துல முழுசா திரும்புச்சு. அப்புறம் பூட்ட கழட்டி, எட்டுத் தகட்டையும் பெட்ரோல்ல கழுவி, கிராஃபைட் பவுடர் போட்டு மாட்டுனேன். எண்ணெய் எந்த எண்ணெயும் வேணாங்க, தூசிய இழுத்து ஒரு நாள் இல்ல ஒரு நாள் பிசினாயிடும்னு ரெண்டு பேருக்கும் பொதுவா சொன்னேன். முதலாளி சாவிய கணக்குப்பிள்ளைகிட்ட நீட்டுனாரு. அவரு வாங்கல. ‘மேசைல வைங்க முதலாளி’ன்னாரு, வச்சப்புறம் எடுத்துக்கிட்டாரு.

நான் பைக் எடுக்குறப்போ பின்னாடியே வந்தாரு. தம்பி, பில்லு போட்டீங்களா, அதுல என்ன எழுதுனீங்கன்னாரு. ‘லாக்கர் சர்வீஸ்’னு எழுதி இருந்தேன். காரணத்தையும் எழுதிக் குடுக்க முடியுமா, காலைலயே எஸ்டேட் ஆளுங்க குடியிருக்குற லைன் வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, வீட்டுல பேரன் வேற இருக்கான்னாரு. பில் புக்க எடுத்து பைக் சீட்டு மேல வச்சு, ‘தேங்காய் எண்ணெய் உறைந்ததால் பூட்டு திறக்கவில்லை, சாவியில் பழுது இல்லை’ன்னு எழுதி, தேதி போட்டு, கடை சீலும் வச்சு குடுத்தேன். கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சாரு. அடியில இருந்த கார்பன் காப்பியையும் பாத்துட்டே நின்னாரு, அதையும் கிழிச்சு அவர் கையிலயே குடுத்துட்டு வண்டிய எறக்கத்துல விட்டேன்.