விரலியும் கிழங்கும் இடம் மாறிய நாள்

மஞ்சள் விலையைத் தப்பாகப் போட்டது நான்தான். மாசி மாதம், புது மஞ்சள் வரத்து ஏறிக்கொண்டிருந்த நேரம்.

ஈரோட்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் செய்தித் தளத்தில் தினமும் சாயங்காலம் ஏல விலை வெளியாகும். மஞ்சள் மார்க்கெட், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு சொசைட்டி, கோபி சொசைட்டி (இரண்டும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள்) என்று நான்கு இடம். ஒவ்வொன்றிலும் விரல் போல நீண்டிருக்கும் விரலி, உருண்டையான தாய்க்கிழங்காகிய கிழங்கு என இரண்டு வகை. வகைக்குக் குறைந்த விலை ஒன்று, அதிக விலை ஒன்று. ஆகப் பதினாறு எண்கள். அன்றைக்கு ஒரு சொசைட்டியின் விரலி விலை கிழங்குக்கு நேராகவும், கிழங்கு விலை விரலிக்கு நேராகவும் ஏறிவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன். சிவகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். "அம்மிணி, கெழங்கு இந்த வெலைக்குப் போகுதுன்னு போட்டிருக்கீங்களே, நெசமாலுங்களா? நான் வண்டி சொல்லிப்போட்டனுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. நல்லவேளை, வண்டி இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கொடுமுடி. அப்பா காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போட்டவர். வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சளில் தாய்க்கிழங்கைத் தனியாக, விரலியைத் தனியாகப் பிரிக்கிற வேலையைப் பள்ளிக்கூட லீவில் செய்து வளர்ந்தவள் நான். கிழங்கைவிட விரலி கூடுதல் விலைக்குப் போவதுதான் வழக்கம். அந்தக் கட்டத்தைப் பார்த்த உடனே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிக்காமல் ஏற்றியிருக்கிறேன்.

எண்ணை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாமே என்று உடன் வேலை செய்பவர் கேட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ராத்திரி ஒரு விலையைப் பார்த்தவர் காலையில் வேறு விலையைப் பார்த்தால், தன் கண்ணைத்தானே சந்தேகப்படுவார்? செய்தியின் தலையிலேயே எழுதினோம்: எந்த இடத்து விலை, முதலில் என்ன போட்டிருந்தோம், சரியான எண் எது, எத்தனை மணிக்குத் திருத்தினோம். விலை பார்க்க வருகிறவர் கடைசி வரி வரைக்கும் போகமாட்டார் என்பதால் அடியில் போடவில்லை. அப்புறம், தப்பான விலைப் படத்தை எந்தெந்த விவசாயிகள் குழுக்களுக்கு அனுப்பியிருந்தோமோ, அத்தனைக்கும் திருத்திய படத்தை அனுப்பினோம். தளத்தில் திருத்தி, குழுவில் விட்டுவிட்டால் பாதி வேலைதான்.

2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, இணையச் செய்தி நிறுவனம் புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மஞ்சள் விலைக்கு ஆயுசு ஒரு நாள். அதனால் விலைச் செய்தி என்றால் அடுத்த ஏலம் தொடங்குமுன் திருத்தியாக வேண்டும் என்று நாங்களே கெடு வைத்துக்கொண்டோம். தட்டச்சு செய்தவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். கண்ணுக்குத் தப்புவது காதில் சிக்கிவிடுகிறது.

தப்பு என்று சொல்லி வருவதெல்லாம் தப்பாகவும் இருக்காது. பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தைப் போடும்போது அணையின் முழு அளவை 105 அடி என்று போடுகிறோம். 120 அடி அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சகதிக்கு 15 அடி கழித்துச் சொல்வதால் 105. இது சின்ன விஷயம்தான். தீரன் சின்னமலை கட்டுரையில்தான் நான் ஆடிப்போனேன்.

அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31 என்று எழுதியிருந்தோம். ஆடி 18 என்றும் அதே கட்டுரையில் இருந்தது. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3இல்தானே வருகிறது, இரண்டில் ஒன்று பொய் என்று ஒரு கல்லூரி மாணவர் எழுதினார். நியாயமான கேள்வி. ஒரு தேதியை எடுத்துவிடலாம் என்று கை போய்விட்டது. சரி, ஒரு நாள் பொறுப்போம் என்று நிறுத்தினேன்.

நம் மாதக் கணக்கு, சூரியன் விண்மீன்களுக்கு இடையே ராசி மாறுவதை வைத்துப் போவது. அப்படிக் கணக்கிடும் ஆண்டு ஆங்கில ஆண்டைவிடத் துளி நீளம். இருநூறு ஆண்டில் அந்தத் துளிகள் சேர்ந்து மூன்று நாள் அளவுக்கு வந்துவிடும். இன்றைக்கு ஆகஸ்ட் 3இல் வரும் ஆடி 18, அன்றைக்கு ஜூலை 31ஐ ஒட்டித்தான் வந்திருக்கும். இரண்டு தேதியும் ஒரே நாள்! அவசரப்பட்டுத் திருத்தியிருந்தால் சரியாக இருந்ததைக் கெடுத்திருப்பேன். அங்கே திருத்தம் என்று போடாமல், விளக்கம் என்று மூன்று வரி சேர்த்து, கேட்ட மாணவருக்கு நன்றியும் எழுதினோம்.

போன வாரம் அந்த மாசி மாதத்து விலைப் படம் அந்தியூர்ப் பக்கத்துக் குழு ஒன்றில் மறுபடி வந்தது. மேலே இருந்த தேதியை யாரோ வெட்டியிருந்தார்கள். திருத்திய படத்தை அங்கேயும் போட்டேன். இப்போதெல்லாம் தேதியை விலைக் கட்டத்தின் நடுவிலேயே, எண்களுக்கு இடையில் எழுதுகிறோம்; வெட்டினால் விலையும் சேர்ந்து போய்விடும்.