உப்புக்காற்று தின்ற பழைய சிஸ்டத்தில் ஆன்டிஎக்ஸ் ஏற்றிய அனுபவம்

பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை சிஸ்டம். பழைய கணினிக்கு ஏற்ற லேசான லினக்ஸ் ஓஎஸ்ஸான ஆன்டிஎக்ஸை அதில் ஏற்றினோம். இன்டெல் ஜி31 போர்டு, பென்டியம் டூயல் கோர் இ5200, 2 ஜிபி டிடிஆர்2 ராம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது, 2023-இல் குரோமும் கைவிட்டது. பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை பக்கம் இந்த வகை சிஸ்டம் இன்னும் நிறைய ஓடுகிறது.

கடற்கரை ஊரில் ஓஎஸ் ஏற்றும் பென்டிரைவை எடுப்பதற்கு முன்னால் கேபினட்டைத் திறக்க வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் தூசியோடு உப்பு ஈரமும் சேர்ந்து ஃபேனில் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். புளோயர் அடித்தால் போகாது, பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பவர் கார்டைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு ராமை உருவுங்கள். தங்கப்பூச்சுப் பட்டைகளின் ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, ரப்பர் துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பெட்ரோல், தின்னர், சென்ட் எதுவும் கூடாது. ஸ்லாட்டுக்குள் ரப்பர் துகள் விழுந்தால் பழைய பிரச்சினையே தேவலை என்றாகிவிடும். ஆன் செய்ததும் நீளமாகப் பீப் அடித்தால் பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை.

ஹார்டு டிஸ்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே ஓஎஸ் ஓடுவது, எழுதும் முறை கீழே) பூட் ஆனதும் டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலைப் பார்க்கலாம். 5, 197 ஆகிய எண்களுக்கு நேரே ரா வேல்யூ கட்டத்தில் பூஜ்யம் இல்லை என்றால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்கைக் குறை சொல்ல வேண்டாம், கேபிள் தொடர்பில்தான் கோளாறு. நம் பக்கம் இந்த இரண்டாவது ரகம் அதிகம். நல்ல டிஸ்கைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

அடுத்தது போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி. புதிது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். விட்டால் கரன்ட் போகும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் ஓடும். தேதி தப்பானால் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாது, மென்பொருள் அப்டேட்டும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நின்றுவிடும். நெட்தான் போய்விட்டது என்று மோடத்தைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

இனி ஓஎஸ். 2 ஜிபி ராம் என்றதும் 32 பிட் தேடுவது பழைய பழக்கம். இ5200 64 பிட் பிராசசர், அதனால் 64 பிட்டே போடுங்கள். லினக்ஸில் 32 பிட் குரோம் 2016-லேயே நின்றுவிட்டது. டெபியன் லினக்ஸும் 13-ஆம் பதிப்போடு 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. நாங்கள் எடுத்தது டெபியன் 12-ஐ அடித்தளமாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் ஃபுல் பதிப்பு. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பார்க்க அழகுதான், ஆனால் 2 ஜிபியில் பிரவுசரைத் திறந்ததும் மூச்சு வாங்கும்.

இறக்கிய ஐஎஸ்ஓவின் (ஓஎஸ் அடங்கிய கோப்பு) ஷா256 எண் தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, ரூஃபஸ் என்ற மென்பொருளில் டிடி இமேஜ் முறையில் பென்டிரைவில் எழுதுங்கள். இந்தக் காலத்து போர்டுகள் சிலவற்றில் பூட் வரிசையில் யுஎஸ்பி என்று தனியாக இராது, ஹார்டு டிஸ்க் முன்னுரிமைப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். பூட் மெனுவுக்கு ஜிகாபைட் போர்டில் எஃப்12, இன்டெல் போர்டில் எஃப்10, ஆசஸில் எஃப்8. பயாஸில் ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்கைக் கையாளும் புதிய முறை) தேடி நேரம் போக்க வேண்டாம். ஜி31-ஓடு வரும் சாதாரண ஐசிஹெச்7 சிப்பில் அது கிடையாது, ஐடிஇ முறையே போதும். எஸ்எஸ்டி மாட்டினாலும் அப்படியே ஓடும்.

இன்ஸ்டால் பாதியில் ஸ்குவாஷ்எஃப்எஸ் (ஓஎஸ்ஸைச் சுருக்கி வைத்திருக்கும் கோப்பு) பிழை வந்து நின்றால் ஐஎஸ்ஓவைத் திரும்ப இறக்காதீர்கள். ஷா256 ஒத்துப்போயிருந்தால் குற்றவாளி ராமோ பென்டிரைவோதான். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு சுற்று முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள்.

டிஸ்கில் ரூட்டுக்கு (ஓஎஸ் இருக்கும் பகுதி) 20 ஜிபி, ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது கைகொடுக்கும் பகுதி) 2 ஜிபி, மீதி ஹோம் (சொந்தக் கோப்புகள்). ஹோம் தனியாக இருந்தால் பின்னால் ஓஎஸ்ஸை மாற்றினாலும் கடைக் கோப்புகள் தப்பிக்கும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். பார்ட்டிஷன் எழுதும் நேரம் பார்த்துத்தான் கரன்ட் போகும்.

ராம் கூட்டுவதாக இருந்தால் இந்த போர்டுக்கு உச்சவரம்பு 4 ஜிபி. மலிவாக விற்கும் சில டிடிஆர்2 ராம்கள் ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் ரகம். இன்டெல் போர்டில் மாட்டினால் திரை வராது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் ஏற்றி, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபஸ் தானாகத் தொடங்க, டெஸ்க்டாப்-செஷன் கோப்புறையின் ஸ்டார்ட்அப் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளுக்கு அந்த எழுத்துருவை ஹோமில் எழுத்துருக் கோப்புறையில் போட்டால் போதும். யூடியூபுக்கு, வீடியோவைப் பழைய ஹெச்264 வடிவிலேயே தர வைக்கும் ஹெச்264ஐஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போடுங்கள். இந்த கிராஃபிக்ஸால் புதுரக வீடியோவை விரிக்க முடியாது, சுமை முழுவதும் பிராசசர் தலையில்தான்.

கடைக்காரர் முதலில் கேட்பது பிரிண்டர். ஹெச்பி 1020-க்கு ஹெச்பிலிப்பும் (ஹெச்பியின் லினக்ஸ் டிரைவர்) அதன் பிளகினும் வேண்டும். ஆஃப் செய்தால் தன்னை இயக்கும் ஃபர்ம்வேர் மென்பொருளையே மறந்துவிடும் பிரிண்டர் அது, ஒவ்வொரு முறையும் சிஸ்டம்தான் ஊட்ட வேண்டும். கேனன் எல்பிபி2900 இருந்தால் ஓஎஸ் ஏற்றும் முன்பே யோசியுங்கள். லினக்ஸில் அதன் கேப்ட் டிரைவர் பெரிய தலைவலி. கைரேகைக் கருவி வைத்து ஆதார் சேவை செய்கிற கடையென்றால் லினக்ஸ் பேச்சையே எடுக்க வேண்டாம். அந்தக் கருவிகளை ஆதாரோடு பேச வைக்கும் ஆர்டி சர்வீஸ் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும்தான் ஓடுகிறது.