கால்சட்டை வற்றல்

சந்தையில் முற்றிய பீன்ஸாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “பிஞ்சு அந்தப் பக்கம் இருக்கிறது சார்” என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டியது விதை புடைத்த காய்தான். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் குடியேறிகளின் ‘லெதர் பிரிட்ச்சஸ்’ வற்றலுக்கு அதுவே சரி. காய்ந்த பிறகு சுருங்கிய தோல் கால்சட்டை போலத் தொங்குவதால் அந்தப் பெயர். அந்த மலையை ஒட்டிய கென்டக்கி மாநிலப் பக்கம் ‘ஷக்கி பீன்ஸ்’ என்பார்கள்.

ஒரு கிலோவுக்கு நார் உரித்து, முழுக் காயாகவே நடுவில் ஊசி குத்திப் பருத்தி நூலில் கோத்தேன். பூத்தொடுப்பதுபோல் நெருக்கிக் கோத்துவிட்டேன். ஐந்தாம் நாள் காய்கள் ஒட்டிய இடமெல்லாம் பூஞ்சை. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

மறுமுறை காய்க்குக் காய் ஒரு விரல் இடைவெளி. வற்றல் என்றாலே மொட்டைமாடி என்று பழகிய கை வெயிலைத் தேடியது. அந்த மலைக் குடியேறிகளோ தாழ்வாரத்து நிழலிலும் கணப்படுப்பின் அருகிலும் தொங்கவிட்டார்கள். என்னிடம் இருந்தது மின்விசிறி. 19ஆம் நாள் சரத்தை ஆட்டினால் சலசலத்தது. எடை 130 கிராம்!

மேசன் என்பவர் காய்கறியைக் காற்றுப் புகாமல் அடைத்துவைக்க உதவும் திருகுமூடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றது 1858இல்தான். அதற்கு முன் மலையில் உப்பும் எளிதில் கிடைக்காது. நூலும் காற்றும் கிடைக்கும். 1818இல் டென்னசி மாநிலத்தின் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்குக்கு வந்த ஜான் ஆலிவர் குடும்பம் முதல் குளிர்காலத்தைத் தாண்டியது அந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் கொடுத்த பூசணி வற்றலால் என்று அங்கே சொல்வார்கள். இருபதே ஆண்டுகளில், 1838இல், அமெரிக்க அரசு படையை அனுப்பிச் செரோக்கி மக்களை மேற்கே துரத்தியது. சரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

சமையலுக்குப் பாதி வற்றலை இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை மாற்றி, உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு போட்டுச் சிறுதீயில் வைத்தேன். குக்கரை எடுக்கவில்லை. முதல் மணி நேரம் வீடெல்லாம் வைக்கோல் வாசனை, மனம் தளர்ந்தது. மூன்றாம் மணி நேரத்தில் சாறு பழுப்பாகித் திரண்டது. பச்சைப் பீன்ஸின் சுவை துளியும் இல்லை. காளானை இறைச்சிச் சாற்றில் வேகவைத்ததுபோல் ஓர் ஆழம், நடுநடுவே மாவாய்க் கரையும் விதைகள். ஒழுங்காக நார் உரிக்காத இரண்டு காய்கள் பல்லில் சிக்கின.

மீதி வற்றல் துணிப்பையில் இருக்கிறது. அடுத்த வாரம் பூசணியை வளையமாக அரிந்து கம்பில் கோக்கப் போகிறேன்.